டென்ஷன் குறைந்த பிறகு முடி ஏன் கொட்டுகிறது?

ஓவர்லாக்_திருப்பூர்

வணக்கமுங்க. திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். வயது 34. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதும், எனக்குப் பீஸ் கொடுக்கிற கம்பெனியில் ஆர்டர் அப்படியே நின்றது. சனிக்கிழமை வந்தால் டெய்லர்களுக்குச் சம்பளம் போட வேண்டும், மெஷினுக்குத் தவணை கட்ட வேண்டும். ராத்திரி வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சோறு இறங்காது, டீயும் பன்னும்தான். ஏழெட்டுக் கிலோ இளைத்துவிட்டேன்.

ஆனால் அந்த நாட்களில் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளி கழிந்து, உள்நாட்டு ஆர்டர் கொஞ்சம் கைக்கு வந்து, தூக்கமும் திரும்பிய பிறகு டிசம்பரில் ஆரம்பித்தது. குளித்தால் பாத்ரூம் ஓட்டை அடைக்கிறது. தலையணை உறையெல்லாம் முடி. சலூன்காரர் "டென்ஷன்தாண்ணா" என்கிறார். டென்ஷன் இருந்தபோது கொட்டாத முடி அது தீர்ந்த பிறகு ஏன் கொட்ட வேண்டும்? ஷாம்பூவை மாற்றிப் பார்த்துவிட்டேன். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

உப்புத்தண்ணி

தண்ணிதாங்க, வேறொன்றும் தேட வேண்டாம். நான் அவினாசிப் பக்கம். எங்கள் போர் தண்ணியைப் பிடித்து வைத்தால் பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணியில் குளித்து வளர்ந்த என் பெண்டாட்டி, இங்கே வந்து குளித்த கையோடு முடி சணல் மாதிரி ஆகிவிட்டது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறாள். சம்மில் ஆற்றுத் தண்ணியை நிரப்பித் தலைக்கு மட்டும் அதை ஊற்றுங்கள்.

நொய்யல்_அக்கா

தம்பி, நம் ஊரில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், கேட்டிருக்கிறீர்களா? குழந்தை தாய் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஆனது. பிரசவத்தின்போது ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம், பிள்ளை முகம் பார்க்கிற நேரத்தில், கொத்துக் கொத்தாகப் போனது. பின்னல் எலிவால் ஆகிவிட்டது. அப்புறம் தானாக நின்று, தானாக வளர்ந்தது. உங்களுக்கும் அதே கணக்காக இருக்குமோ? டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தோல்_வைத்தியர்

அக்கா சொன்னது மிகச் சரி. பாட்டிமார்கள் கவனித்து வைத்த கணக்கும் எங்கள் பாடப் புத்தகக் கணக்கும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. நான் கோபிப் பக்கம் தோல் மருத்துவம் பார்ப்பவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொரு முடிக்கும் தனி ஆயுள். இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும். அதன்பின் மூன்று மாதம் போல வளராமல், உதிராமல், சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில்தான் விழும். எந்த நாளிலும் நூற்றுக்குச் சுமார் பத்து முடி இந்த ஓய்வில் இருக்கிறது. லட்சத்துக்குப் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரமும் நூறு நாளில் உதிர வேண்டுமென்றால் நாளுக்கு நூறு. தினமும் 50 முதல் 100 முடி போவது சகஜம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால், அதாவது டெங்கு, டைபாய்டு மாதிரி கடும் காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், சட்டென்று எடை இறங்குவது, வீட்டில் ஒரு சாவு என்று ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். போகிறபோது வெளியே ஒன்றும் தெரியாது. நூற்றுக்கு 30 ஓய்வுக்குப் போயிருந்தால், மூன்று மாதம் கழித்து நாளுக்கு 300 முடி விழும். ஓவர்லாக் தம்பிக்கு அடி விழுந்தது செப்டம்பரில், கொட்டுவது டிசம்பரில். இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?" ஐப்பசி கார்த்திகை மழையில் டெங்கு வந்தவர்கள் மாசி வாக்கில் வருவார்கள். காய்ச்சலையே மறந்திருப்பார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. இதில் பாதி முடிக்கு மேல் போவது அரிது, மொட்டையாக ஆவதில்லை. காரணம் நீங்கியிருந்தால் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும்.

உப்புத்தண்ணி

டாக்டர் சொன்னால் சரிதான். ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் கொட்டுகிறதே, எல்லோருக்குமா மூன்று மாதத்துக்கு முன்னால் அடி விழுந்தது?

தோல்_வைத்தியர்

விழுந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை முண்டு தெரிந்தால் அது வேரோடு, ஆயுள் முடிந்து விழுந்தது. முண்டு இல்லாமல், நீளமும் குட்டையுமாக, நடுவில் அறுந்த மாதிரி இருந்தால் ஒடிந்தது. உப்புத் தண்ணி, சாயம், ஸ்ட்ரெய்ட்டனிங், ஈரத்தலையில் சீப்புப் போடுவது எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், ஒடியவும் விடலாம். வேருக்குள் போய் முடியை ஓய்வுக்கு அனுப்பாது.

இன்னொன்று. தினமும் தலைக்குக் குளிப்பவருக்குத் தினம் தினம் கொஞ்சம் போகும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்கு ஊற்றும் பெண்களுக்கு ஒரு வாரத்து உதிர்வு மொத்தமும் அன்றைக்குக் கையோடு வரும். ஐந்நூறு முடியை ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அதனால் தலைக்குக் குளிப்பதையே தள்ளிப்போடுவார்கள். அடுத்த முறை இன்னும் பெரிய கொத்து வரும்.

கொப்பரைக்களம்

காங்கேயத்திலிருந்து எழுதுகிறேன். எண்ணெய்ப் பக்கம் ஒருவரும் வரவில்லையே என்று பார்த்தேன். செக்கு எண்ணெயில் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சி, சனிக்கிழமை தேய்த்து அரப்புப் போட்டுக் குளித்தவர்கள் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள். அவர்களுக்கு என்ன டென்ஷன் இல்லையா? மழை இல்லாத வருஷம் கிணறு வற்றிப் பண்ணையம் போனதைவிடவா?

தோல்_வைத்தியர்

கொப்பரை அண்ணா, உங்கள் வியாபாரத்துக்கு நான் எதிரி இல்லை. தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் இறங்கும், கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். 2003இல் மும்பைக்காரர்கள் சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில் தேங்காய் எண்ணெய்தான் நின்றது. ஆக, ஒடிவதற்கு எண்ணெய் நல்லது. ஓய்வுக்குப் போன முடியை அது திருப்பிக் கூப்பிடாது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையில் ஊறவிடக் கூடாது. பொடுகோடு சேர்ந்து வாழும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி.

தறிச்சத்தம்

சோமனூர்க்காரன், அறுபது தாண்டியவன். எனக்கு ஒரு சந்தேகம். 25 வயதிலேயே எனக்கு நெற்றி ஏறிவிட்டது, 35இல் உச்சி தெரிந்தது. எங்கள் அப்பாவுக்கும் அப்படியே, அம்மா வழி மாமனுக்கும் அப்படியே. அப்போது நான் கவலை இல்லாத ஆள். இப்போது யாருக்கு என்ன ஆனாலும் டென்ஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மனதுக்கும் மயிர்க்காலுக்கும் நடுவில் கம்பியா போட்டிருக்கிறது?

தோல்_வைத்தியர்

ஐயா, இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி.

கம்பி மாதிரி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி கார்டிசால் விடும். எலிகளில் அதற்கு இணையான ஹார்மோன் கார்ட்டிகோஸ்டிரோன். 2021இல் ஹார்வர்டில் யா-சியே ஷூவின் குழு எலிகளில் பார்த்தது இது: அந்த ஹார்மோன் கூடினால், மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்கள் காஸ்6 என்ற ஒரு புரதத்தை விடுவதைக் குறைக்கின்றன. அந்தப் புரதம்தான் முடியின் ஸ்டெம் செல்களை, அதாவது புது முடியை உண்டாக்கும் மூலச் செல்களை, எழுப்புவது. அது இல்லாமல் அவை தூங்கியே கிடக்கின்றன. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளுக்கு ஓய்வுக் காலம் குறைந்து, முடி அடிக்கடி புதிதாக வளர்ந்தது. நரைக்கும் இதே குழு 2020இல் ஒரு வழி காட்டியது. அது ஹார்மோன் வழி இல்லை, நரம்பு வழி. நரம்பு நுனியிலிருந்து வரும் நார்அட்ரினலின், நிறம் கொடுக்கும் ஸ்டெம் செல்களை ஒரேயடியாகச் செலவழித்துவிடுகிறது.

எல்லாம் எலி. மனிதர்களில் காய்ச்சல், பிரசவம், எடை இறக்கம் இவற்றுக்கு உள்ள சான்று தினசரி டென்ஷனுக்கு அவ்வளவு வலுவாக இல்லை. பெரிய அதிர்ச்சி என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஓவர்லாக் தம்பிக்கு மனக்கவலை மட்டுமா? ஏழெட்டுக் கிலோ இளைத்திருக்கிறார், இரண்டு மாதம் சோறு இல்லை. கவலை நேராக வேருக்குப் போனதா, வயிறு வழியாகப் போனதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும்தான் என்பேன்.

ஐயாவுக்கு வந்தது வேறு. அது பரம்பரை வழுக்கை. டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோனுக்கு முன்நெற்றியும் உச்சியும் மசிந்துகொடுத்து, முடி வருடக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். கொத்தாகக் கொட்டாது, நெற்றியும் உச்சியும் மட்டும் காலியாகும். டெலோஜன் வகையில் தலை முழுவதும் சமமாக மெலியும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. உள்ளே ஒளிந்திருந்த பரம்பரை வழுக்கை, ஒரு டெங்குக்குப் பிறகு வெளியே தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் அடங்கவில்லை என்றால் நான் இதைத்தான் தேடுவேன்.

முட்டை_ஊர்

நாமக்கல்லிலிருந்து. இதே இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. என் மகள் நீட்டுக்காக ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது தலை சீவிவிட்டேன், காதுக்கு மேலே ஒரு இடத்தில் முடியே இல்லை. என் மாமியார் புழுவெட்டு என்று சொல்லிச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கச் சொல்கிறார். ஆற்றுத் தும்மட்டிக் காயும் கொண்டு வந்து வைத்திருக்கிறார். பிள்ளை எதையும் தொட விடமாட்டேன் என்கிறாள். இதுவும் டென்ஷனா?

தோல்_வைத்தியர்

அம்மணி, அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று, காசு மாதிரி வட்டமாக இருக்கிறதா? இல்லை, குட்டை குட்டையாக, வேறு வேறு நீளத்தில் ஒடிந்த முடி கையில் குத்துகிறதா?

முட்டை_ஊர்

குத்துகிறது. வட்டமாகவும் இல்லை.

தோல்_வைத்தியர்

நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. குழந்தைகளுக்குப் பூஞ்சைத் தொற்றிலும் முடி இப்படி ஒடியும், அதை முதலில் பார்த்துத் தள்ள வேண்டும். அது இல்லையென்றால், படிக்கும்போது தன்னையறியாமல் முடியை இழுத்துப் பிய்க்கிற பழக்கமாக இருக்கலாம். ட்ரைக்கோட்டிலோமேனியா என்பார்கள். இந்த வயதில் அதிகம் வரும். பிள்ளைக்கே அவமானமாக இருக்கும், அதனால்தான் தொட விடுவதில்லை. திட்டாதீர்கள், கையில் அடிக்காதீர்கள், மொட்டை போடுகிறேன் என்று மிரட்டாதீர்கள். எப்போது கை போகிறது என்று அவளே கவனித்து, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுக்கப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. பிய்த்த முடியை வாயில் போடுகிறாளா என்று மெதுவாகக் கேளுங்கள். வயிற்றில் உருண்டையாகத் தங்கி ஆபரேஷன் வரை போகும். தோல் டாக்டரோடு ஒரு மனநல டாக்டரையும் பார்த்துவிடுங்கள். அவசரத்துக்கு 14416 டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

வழவழப்பான வட்டமாக இருந்திருந்தால் அதுதான் புழுவெட்டு, அலோபீசியா ஏரியேட்டா. புழுவோ பூச்சியோ அதற்குக் காரணமில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது. வெங்காயத்தைத் தேய்த்தால் எரியும். ஆற்றுத் தும்மட்டி தோலைப் புண்ணாக்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வட்டம் என்றால் பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும், எதைத் தேய்த்தாரோ அதற்குப் பெயர் கிடைக்கும். முதலில் முளைப்பது வெள்ளையாகக்கூட வரும், அப்புறம் கறுக்கும். பரவினால் ஸ்டீராய்டு ஊசி போடுவோம். மிகக் கடுமையானதற்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

லேப்_கோவை

ரத்தப் பரிசோதனை எடுக்கும் லேபில் வேலை செய்கிறேன். ஒரே ஒரு விஷயத்துக்காக உள்ளே வருகிறேன்: டென்ஷன் என்று சொல்லி ரத்தம் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், குறிப்பாகப் பெண்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். சேமிப்பில் உள்ள இரும்பை அதுதான் காட்டும், ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்னாலேயே அது காலியாகும். காய்ச்சல் அடித்த கையோடு எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், கொஞ்ச நாள் விட்டு எடுங்கள். தைராய்டு டிஎஸ்ஹெச் கூடவே பார்த்துவிடலாம்.

சோற்றோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஏறாது. பனியன் கம்பெனியில் 11 மணி டீ, 4 மணி டீ இருக்கட்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லாக்_திருப்பூர்

எல்லோருக்கும் நன்றிங்க. டாக்டர் சொன்ன மாதிரி தாளில் வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் வெள்ளை முண்டு இருக்கிறது. தலை முழுவதும்தான் மெலிந்திருக்கிறது, நெற்றி ஏறவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஹேர் கிளினிக்குக்குப் போனேன், பெயர் வேண்டாம். தலையைக் கேமராவில் காட்டி, "வேர் எல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது, உடனே பிஆர்பி (நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது) எட்டு சிட்டிங் எடுங்கள், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். பயத்தில் முன்பணம் கட்டப் போய், வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

தோல்_வைத்தியர்

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு. உங்களுக்கு வந்திருப்பதில் வேர் சாவதே இல்லை. எட்டு சிட்டிங் முடியும் நேரத்தில் முடி தானாகவே முளைத்திருக்கும், பாராட்டு அவர்களுக்குப் போகும். முடி கொட்டுகிறதே என்ற கவலையில் ராத்திரி தூக்கம் கெடுவது வேறு இருக்கிறது. அதைத்தான் இந்த மாதிரி இடங்களில் விற்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எடையைத் திருப்பி ஏற்றுங்கள். அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, மீதிக்குப் பருப்பு, தயிர், கறி என்று பாருங்கள். நேரத்துக்குத் தூங்குங்கள். லேப்காரர் சொன்ன பரிசோதனைகளை எடுங்கள். நெற்றி ஓரத்தில் குச்சி குச்சியாகக் குட்டை முடி நிமிர்ந்து நின்றால் புதுசு வருகிறது என்று அர்த்தம்.

கொட்டுவது நின்றாலும் அடர்த்தி உடனே வராது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் கிராப்புக்கு ஆறு மாதம் போதும். இடுப்பு வரை பின்னல் போடும் பெண்ணுக்கு அது பழையபடி ஆக நான்கைந்து வருடம் எடுக்கும். "இன்னும் சரியாகவில்லை டாக்டர்" என்று வந்து நிற்பவர்களில் பலருக்கு உதிர்வு எப்போதோ நின்றிருக்கும்.

தறிச்சத்தம்

டாக்டர் தம்பி, என் பையனுக்கு 28. அவனுக்கும் நெற்றி ஏறுகிறது. மினாக்சிடில் என்று ஏதோ வாங்கித் தடவினான், முதல் மாதம் இன்னும் அதிகமாகக் கொட்டியதும் தூக்கி எறிந்துவிட்டான்.

தோல்_வைத்தியர்

நிறையப் பேர் அங்கேதான் விடுகிறார்கள், ஐயா. ஓய்வில் இருந்த முடியை அது சீக்கிரம் தள்ளிவிட்டுப் புதுசைக் கிளப்பும், அதனால் முதலில் சில வாரம் கொட்டும். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் வந்ததும் போய்விடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குக் கொண்டு வந்தார்கள். வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலை உயரத்தில் வையுங்கள், பூனைக்கு அது விஷம்.

ஓவர்லாக்_திருப்பூர்

கடைசியாக ஒன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போகிறோம். மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று அம்மா சொல்கிறார். போடலாமா?

தோல்_வைத்தியர்

முருகனுக்கு வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் முளைக்கும்போது தடித்தது போலத் தெரியும், அவ்வளவுதான். மயிர்க்கால் எண்ணிக்கை கூடாது, குறையவும் குறையாது. குட்டை முடி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சில மாதம் நிம்மதியாக இருப்பீர்கள்.

நொய்யல்_அக்கா

லேப் தம்பி, என் மகள் முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலையில் தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறாள். பரவாயில்லையா?

லேப்_கோவை

நாளைக்கு வேண்டாம் அக்கா. முடிக்கென்று விற்கும் பயோட்டினில் அளவு அதிகம், பல லேப் மெஷின்களில் தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடட்டும். பயோட்டின் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளர்வதும் இல்லை.

நொய்யல்_அக்கா

சரிங்க தம்பி. வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.